சாம்பார் தாங்காத பெட்டி

டெல்லி காலு சராயில் இருந்த அந்தக் கோச்சிங் சென்டரின் கீழ்த்தள வகுப்பறைக்குள் ஆகஸ்டு மழையில் சாக்கடைத் தண்ணீர் புகுந்தது. அடைப்பை எடுக்க வந்தவன் கம்பியால் கிளறி இழுத்துப் போட்டதெல்லாம் சாம்பார் கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் பைகள். கட்டிய நூல் அவிழாமல், ஒரு மூலை மட்டும் கடிபட்டு, உப்பிக் கிடந்தன. சென்டர் வாசலில் சாம்பார் விற்பவள் தமிழ்செல்வி ஒருத்திதான். வேறு யாரையும் சந்தேகப்பட வழியில்லை.

சென்டர் மேனேஜர் ராஜகோபாலன் ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனவர். கோபப்படவில்லை. ஃபைலில் குறிப்பு எழுதுவதைப் போலச் சொன்னார்.

"திங்கக்கிழமைலேர்ந்து வாசல்ல பிளாஸ்டிக் கூடாதும்மா. வேற எதுல வேணாலும் குடு. முடியலேன்னா வண்டியை எடுத்துடு. ஓனர் சொல்லிட்டார், நான் பண்றதுக்கு ஒண்ணுமில்லே."

அந்த வாசலை விட்டால் தமிழ்செல்விக்கு வேறு இடம் கிடையாது. அவள் குடியிருந்த, தமிழர்களே நிறைந்த மதராசி கேம்ப்பில் இட்லி விலை போகாது. அங்கே எல்லா வீட்டிலும் அதுதான்.

பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக ஒரு பெட்டி செய்யும் வேலையை அவள் தம்பி ஜெயசீலன் எடுத்துக்கொண்டான். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். குர்காவ்ன் கால் சென்டரில் ராத்திரியெல்லாம் அமெரிக்காக்காரர்களிடம் திட்டு வாங்கிவிட்டுப் பகலில் தூங்குபவன். விட்ட படிப்பில் அவனிடம் மிஞ்சியிருந்தது டிராயிங் மட்டும்தான். தூக்கத்தைக் குறைத்து வரைந்தான். வாங்குகிறவனுக்கு இடைவேளை கொஞ்ச நேரம்தான். வகுப்பு முடிந்து போகிறவனுக்கு ஒரு தோளில் பை, ஒரு கையில் பஸ் கம்பி. அப்படியானால் பெட்டி ஒற்றைக் கையில் அடங்க வேண்டும். கீழே இட்லி, மேலே சாம்பார். கடைசியில், சாட் கடைகளில் கிடைக்கும் காய்ந்த இலைத் தொன்னைகளைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்து, ஓரங்களை மைதாப் பசையால் ஒட்டினான். குச்சி குத்தினால் வாயில் தைக்கும் என்பதற்காகப் பசை. தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுத் தூங்கினான். எழுந்து பார்த்தபோது ஒரு சொட்டுகூட ஒழுகியிருக்கவில்லை.

"என்னாடா இது, சாமிக்குப் படைக்கிற மாதிரி கீது" என்றாள் தமிழ்செல்வி.

"நீ சாம்பார ஊத்துக்கா, போதும்."

திங்கட்கிழமை கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி நேராக வாசலுக்கு வந்தான். இடைவேளை மணி அடித்ததும் கூட்டம் இறங்கியது. ஆண்ட்டி ஜல்தி, பய்யா ஜல்தி என்று இந்தியில் அவசரப்படுத்தியது. முதலில் வாங்கியவர்கள் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பஸ் ஸ்டாப் பக்கமிருந்து நெட்டையான ஒரு பையன் திரும்பி வந்தான். வெள்ளைச் சட்டை மஞ்சளாகியிருந்தது. பெட்டியின் அடி ஒரு கையிலும் மூடி இன்னொரு கையிலும் இருந்தன.

"ஆண்ட்டி, யே க்யா ஹை?"

அவன் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். ஜெயசீலன் பச்சைத் தண்ணீர் ஊற்றித்தான் சோதித்திருந்தான். கொதிக்கும் சாம்பார் பட்டதும் காய்ந்த பசை மறுபடியும் கூழாகிவிட்டது. படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ராஜகோபாலன் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அப்போ சாயங்காலம் வண்டியை எடுத்துடலாமோன்னோ?"

தமிழ்செல்வி, "ஆற வெச்சு ஊத்தட்டுமாடா?" என்று தம்பியைக் கேட்டாள்.

"ஆறுன சாம்பார எவன் வாங்குவான்?"

அதற்குள் ஒரு சுருட்டை முடிக்காரன் பெட்டி வேண்டாம் என்று கை காட்டினான். இட்லியை வண்டியில் கிடந்த இலை ஒன்றில் மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டான். சாம்பாரை இங்கேயே கொடு என்று இந்தியில் கேட்டான். கொடுக்க வேறு எதுவும் இல்லாததால் தமிழ்செல்வி தன் தண்ணீர் டம்ளரில் ஊற்றினாள். ஊதி ஊதி நாலு வாயில் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு படியேறி ஓடினான்.

சாக்கடையில் கிடந்த பைகள் ஜெயசீலனின் நினைவுக்கு வந்தன. எல்லாவற்றிலும் ஒரு மூலை கடிபட்டிருந்தது. இவர்கள் என்றைக்குமே இட்லியைத் தொட்டுத் தின்றதில்லை. சாம்பாரை உறிஞ்சிக் குடித்துவிட்டு இட்லியைத் தனியாகக் கடித்தார்கள். வாசலுக்கு வரும்போதெல்லாம் பார்த்ததுதான். தின்னத் தெரியாத ஜனங்கள் என்று நினைத்து விட்டிருந்தான். இட்லியும் சாம்பாரும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்று இந்த வாசலில் யாரும் கேட்கவில்லை. அது அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த நினைப்பு.

பக்கத்து டீக்கடைக்காரனிடம் கேட்டு மண் குவளைகளை வரிசையாக அள்ளி வந்தான்.

"டேய், சாம்பார டீ மாதிரியா குடுப்பாங்க? ஊர்ல தெரிஞ்சா காறித் துப்புவாங்க."

"ஊர்லருந்து யாரு வந்து உங்கிட்ட வாங்குறாங்க? ஊத்துக்கா."

ஊற்றினாள். கூட்டம் நின்ற இடத்திலேயே குடித்தது. இலையில் மடித்த இட்லி, மேலே பொடியும் எண்ணெயுமாக, பைகளுக்குள் போனது. பொடிக்குச் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் வாங்கினார்கள். ராஜகோபாலன் இறங்கி வந்து தானும் ஒரு குவளையை எடுத்துக்கொண்டார்.

"ரசம்னா குடிக்கலாம். சாம்பாரைப் போய்..." குடித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "புளி கம்மி."

"சரிங்க சார்" என்றாள் தமிழ்செல்வி.

"இந்தக் குவளையெல்லாம் போட ஒரு டிரம் வை. சாக்கடைல ஒரு ஓடு பார்த்தேன்னா வண்டியை நானே தள்ளிடுவேன்."

சாயங்காலம் வண்டியை எடுக்கும் பேச்சை அத்தோடு விட்டுவிட்டு உள்ளே போனார்.

மிஞ்சிய பெட்டிகளை ஜெயசீலன் மூட்டையோடு சுவரோரம் கொட்டினான். தெருவில் திரியும் மாடு ஒன்று வந்து, பசை இருந்த ஓரங்களை முதலில் நக்கிவிட்டு, பிறகு இலையைத் தின்றது.

"அதுக்குப் புடிச்சிருக்குதுடா" என்றாள் தமிழ்செல்வி.

அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "நாளைக்கு முருங்கக்கா போடாதக்கா. குடிக்கிறப்ப மாட்டும்."

"முருங்கக்கா இல்லாம அது என்னா சாம்பாருடா?"

"பருப்பும் கொறச்சுப் போடு" என்றான். தூங்கப் போக வேண்டும். பஸ் வந்துகொண்டிருந்தது.