ஆறு தாண்டும் பாட்டு

அமெரிக்காவில், ஓக்லஹோமாவில் ஒரு குன்றடியில் கோடைதோறும் ஊரே சேர்ந்து போடும் நாடகத்தில், மேற்கே நிலம் பிடிக்கப் போன முன்னோர்கள் சுடுவார்கள், வேலி போடுவார்கள், நீளநீளமாகப் பேசுவார்கள். பார்த்தவன் வீட்டுக்குக் கொண்டுபோவதோ ஒரே ஒரு பாட்டைத்தான். காய்ச்சலில் செத்த தாயை வண்டியில் கிடத்தி, ஆற்றங்கரையில் மகள் பாடும் பாட்டு. அந்த நிலத்தில் முன்பே ஆட்கள் குடியிருந்தார்கள் என்பதைக்கூட அது மறக்கடித்துவிடும். அவ்வளவு இனிமை.

பன்னிரண்டு கோடையாக அதைப் பாடியவள் வெர்னா. இந்த வருஷம் இயக்குநர் ஹோமர் அதைப் பிடுங்கி, தபால் ஆபீஸுக்குப் புதிதாக வந்த லோரீனிடம் கொடுத்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க வெர்னா. மக வேஷத்துக்குச் சின்னப் பொண்ணுதானே பொருத்தம்? உங்களுக்கு அம்மா வேஷம்."

"செத்த அம்மா."

"செத்தாலும் அம்மா அம்மாதானே!" என்று சிரித்தார்.

வெர்னாவுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெண் மோசமாகப் பாடியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். பாழாய்ப்போனவள் நன்றாகவே பாடித் தொலைத்தாள்.

வெர்னா பாட்டின் முடிவில் "வா" என்று உச்சத்தில் நீட்டுவாள். லோரீன் ஒத்திகையில் மெல்ல அடங்கி முடித்தாள். "இதுல சோகம் தூக்கலா இருக்கு" என்று மெச்சினார் ஹோமர்.

வண்டி இழுக்கும் கோவேறு கழுதைகள் இரண்டும் அந்த நீட்டலைக் கேட்டுத்தான் கிளம்பும். கேட்டதும் நடந்தால் மேடைக்கு அப்பால் ஓட்ஸ் தீனி கிடைக்கும் என்று பழகிய பிராணிகள். வைக்கோல் அறுப்பு வேலை இருப்பதால் அவை ஒத்திகைக்கு வருவதில்லை. இது வெர்னாவுக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருக்கலாம். 'பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்' என்று வாயை மூடிக்கொண்டாள்.

முதல் நாள் நாடகம். வெர்னா கழுத்துவரை போர்வையோடு பிணமாகக் கிடந்தாள். லோரீன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துப் பாடி முடித்தாள். வண்டிக்காரன் கடிவாளத்தைச் சுண்டினான். கழுதைகள் காதைக்கூட அசைக்கவில்லை.

"கழுதைக்கே தூக்கம் வந்துருச்சுடோய்!" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. வெர்னாவுக்கு உள்ளூரத் தேன் குடித்த மாதிரி இருந்தது.

முத்தமிடுவதுபோல் லோரீன் குனிந்தாள். கண்ணீர் வெர்னாவின் கன்னத்தில் சொட்டியது.

"அக்கா, பாட்டைக் கேட்டுச் சிரிக்கிறாங்கக்கா."

வெர்னாவுக்குச் சுருக்கென்றது. எந்தப் பாட்டை? தன்னுடைய பாட்டைக் கேட்டல்லவா சிரிக்கிறார்கள்!

"நிமிர்ந்து வாயைத் தொற. மூடாதே" என்று பிணம் முணுமுணுத்தது.

லோரீன் திறந்தாள். வெர்னா படுத்தபடியே, உதடு தெரியாமல் போர்வையை இழுத்துக்கொண்டு, "வா" என்று எடுத்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு உச்சம் அவளுக்கே வாய்த்ததில்லை. கழுதைகள் காதை விறைத்துக்கொண்டு கிளம்பின.

கூட்டம் எழுந்து நின்று, "லோரீன்! லோரீன்!" என்று கத்திக் கைதட்டியது. எழுந்து ஒரு வணக்கம் போடக்கூட வழியில்லாமல், குலுங்கும் வண்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள் வெர்னா.

திரைக்குப் பின்னால் ஹோமர் ஓடி வந்து லோரீனைக் கட்டிக்கொண்டார். "என்ன உச்சம்மா அது! தினமும் இப்படியே பாடிடணும், சரியா?"

லோரீன் திரும்பி வண்டியைப் பார்த்தாள்.

"பாடுவா, பாடுவா" என்றாள் வெர்னா, எழுந்திருக்காமலே. "தினமும் நான் சாகணும், அவ்வளவுதான்."