இரும்பைப் பிடிக்கும் இரண்டு மருந்துகள்

என் மனைவி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். வீட்டில் எதைப் பேசினாலும் அதற்கொரு படம் வரைந்தாக வேண்டும் அவளுக்கு. அன்று மாட்டியது சாப்பாட்டு மேசையில் கிடந்த ஒரு பழைய தபால் உறை.

மகளுக்குப் பதினாறு வயது. கைக்குழந்தையிலிருந்தே ரத்தம் ஏற்றித்தான் வாழ்கிறாள். ஏற்றும் ரத்தத்தில் இருக்கும் இரும்பு உடம்பிலேயே தங்கிவிடும். அதைப் பிடித்து வெளியேற்ற இரவெல்லாம் வயிற்றில் பம்பு ஊசி. இவ்வளவு செய்தும் இந்த முறை இரும்பு இதயம்வரை போய்விட்டது. மாத்திரைக்கு மாறலாமா, யோசித்துச் சொல்லுங்கள் என்று மருத்துவர் அனுப்பியிருந்தார்.

"ஊசி மருந்துக்கு ஆறு கை," என்றாள் மனைவி, வரைந்தபடியே. "ஒரே ஆளா இரும்பைக் கட்டிக்கும். உடும்புப் பிடி. மாத்திரைக்கு ரெண்டே கை. மூணு பேர் சேர்ந்தாத்தான் ஒரு இரும்பைத் தூக்க முடியும். ஒருத்தன் வரலைன்னா நழுவிடும்."

"நம்ம வீட்டுல பீரோ நகர்த்துற மாதிரி," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"மாத்திரை இதயத்துக்குள்ள நல்லா போகும், ஒத்துக்கறேன். ஆனா சிலருக்கு வெள்ளை அணுக்களையே காலி பண்ணிடும். அப்புறம் சாதாரண காய்ச்சலே ஆளைத் தூக்கிடும். ஊசியே இருக்கட்டும்."

"அம்மா, அந்த ஆறு கையும் என் தலையணையத்தான் பிடிச்சிட்டிருக்கு," என்றாள் மகள்.

எனக்கு விளங்கச் சற்று நேரமானது. ஊசியை வயிற்றில் குத்தாமல் தலையணையில் குத்தியிருக்கிறாள், மாதக்கணக்காக. காலையில் பம்பு காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நாங்களும் நிம்மதியாக வேலைக்குப் போயிருக்கிறோம்.

"உயிர் என்ன கிள்ளுக்கீரையா உனக்கு?" என்று கத்தினேன்.

"வலிக்குதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? ஒவ்வொரு தடவையும் அந்த மருந்து எவ்வளவு பலம்னுதான் அம்மா சொன்னா."

மனைவி பேனாவை மூடிவிட்டாள். முகம் செத்துப்போயிருந்தது.

"மாத்திரைக்கே மாறிடலாம்," என்றாள் கடைசியில். "ஆனா உடம்பு லேசா சுட்டாலும் அப்பவே சொல்லணும்டி. அதை மறைச்சேன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

மகள் தலையாட்டினாள். மறைப்பதில் கைதேர்ந்தவளின் வாக்கை நம்பி அவள் உயிரை ஒப்படைக்கிறோமே என்றிருந்தது எனக்கு.

மழை தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம். மறுநாள் பள்ளிச் சுற்றுலா. பையெல்லாம் கட்டி வைத்திருந்தவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, காய்ச்சல் மாதிரி இருக்கு."

மனைவி அடுப்பை அணைத்தாள். நான் வண்டிச் சாவியைத் தேடி எடுத்தேன். பயம்தான், பொய் சொல்வானேன். ஆனாலும் வாய் திறந்து சொல்லிவிட்டாளே என்று, அந்தப் பயத்திலும் எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.