மலையில் விட்ட கூட்டம்

தருமனுக்குக் குரங்கு பிடிப்பதுதான் தொழில். கீழ்பென்னாத்தூரில் வீடு. திருவண்ணாமலை லாட்ஜ்காரர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு அவனைத்தான் கூப்பிடுவார்கள். பிடித்தவற்றை வேனில் ஏற்றி, ஜவ்வாது மலையில் ஓடையும் அத்தி மரங்களும் உள்ள இடமாகப் பார்த்து விடுவான். "இங்க கல்லடி பட்டுக்கினு கெடக்கறத வுட அங்க நல்லா இருக்கும்" என்பான். அதை மனதார நம்பினான்.

சித்திரை மாதம் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு தெருவில் பதினான்கு குரங்குகளைப் பிடித்து மலையில் விட்டான். பத்து நாள் கழித்துக் கூண்டை எடுக்கப் போனபோது, முதுகில் பையும் கையில் ரப்பர் உறையுமாக ஒரு பெண் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெயர் சிந்துஜா, குரங்குகளின் குடலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்கிறவள். பக்தர்கள் போடுவதைத் தின்னும் குரங்குகளுக்கும் ஊர் மலைமேலேயே வாழும் குரங்குகளுக்கும் அதில் என்ன வித்தியாசம் என்று பார்க்க, ஆறு மாதமாக அவற்றின் கழிவைக் குப்பிகளில் சேகரித்து வந்தாள்.

"இங்க இருந்த கூட்டம் எங்கண்ணா?"

"நாந்தான் புடிச்சிக்கினு போய் காட்ல வுட்டேன், மேடம்."

அவள் முகம் வாடியது. ஆனால் கோபப்படவில்லை. "எடத்தக் காட்றீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் அவனுடைய வேனிலேயே போனார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் குரங்குகள் மலைச்சாலைக்கு ஓடி வந்தன. தருமன் எண்ணினான். பன்னிரண்டுதான் இருந்தன. எலும்பு தெரிந்தது. வால் அடியில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. குட்டியை வயிற்றில் சுமந்த ஒரு தாய்க் குரங்கு, தன்னைப் பிடித்தவன் என்றுகூடப் பயப்படாமல், அவன் காலருகே வந்து கை நீட்டியது.

சிந்துஜா குனிந்து கழிவைப் பார்த்தாள். தண்ணீராகப் போயிருந்தது. தின்ற இலை அப்படியே துண்டு துண்டாகக் கிடந்தது.

"இதுங்க பிஸ்கட்டும் தயிர்சாதமும் தின்னே வளந்துதுங்கண்ணா. இலைய ஒடச்சி செரிக்க வெக்கிற கிருமிங்க இதுங்க வயித்துல ரொம்பக் கம்மி. நம்ம வயித்துல இருக்கற மாதிரி கிருமிங்கதான் ஜாஸ்தி."

"சுத்தி இவ்ளோ மரம் இருந்தும் பட்டினியா?"

தருமன் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டான். எத்தனை வருடம், எத்தனை கூட்டம். விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்திருக்கிறான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வேனிலிருந்த பழத்தாரைத் தூக்கினான். சிந்துஜா தடுத்தாள். "இங்க குடுத்தா ரோட்ட வுட்டு நகராதுங்கண்ணா. வண்டியில அடிபடும்."

தருமன் தாரை இறக்கி வைத்தான். "மாட்டுக்குத் தீனி மாத்தணும்னா நாங்க ஒரே நாள்ல மாத்த மாட்டோம். வயித்தால கழியும். பழசுல கொஞ்சம் புதுசக் கலந்து, அப்புறம் புதுச ஏத்திக்கினே போவோம். இதுக்கும் அப்டி பண்ணா இன்னா?"

சிந்துஜா யோசித்தாள். "நிச்சயமா சொல்ல முடியல. ஆனா பண்ணிப் பாக்கலாம்."

வனத்துறையில் பேசி அனுமதியும் அவளே வாங்கினாள். தருமன் ஒருநாள் விட்டு ஒருநாள் மலையேறினான். அவன் மனைவி சரசு முதலில் முணுமுணுத்தாள். குரங்குகள் கிடந்த நிலையைக் கேட்டதும், கேழ்வரகுக் களியைக் கிண்டிக் கொடுத்தாள். அதில் அத்திக்காயும் கொழுந்திலையும் பிசைந்து, சாலையிலிருந்து ஒவ்வொரு முறையும் இன்னும் உள்ளே போய் வைத்தான். களி குறைந்தது, இலை கூடியது. இரண்டாவது வாரத்தில் கிழக் குரங்கு ஒன்று ஓடைக்கரையில் செத்துக் கிடந்தது. அன்றைக்கு அவன் வீட்டில் சாப்பிடவில்லை.

நான்காவது வாரம் பாறைமேல் புதிய குரங்குகள் தெரிந்தன. காட்டுக் கூட்டம். அதிலிருந்த ஒரு பெண் குரங்கு, தாய்க் குரங்கின் முதுகில் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. ஆறாவது வாரம் வண்டிச் சத்தத்துக்கு ஒன்றும் வரவில்லை. தேடிப் போய்ப் பார்த்தான். உயரத்தில், அத்திக் கிளையில் இருந்தன. கீழே கிடந்த கழிவு கெட்டியாக இருந்தது.

ஆடியில், கழிவைச் சோதித்துப் பார்த்த சிந்துஜா போன் செய்தாள். "அதுங்க வயிறு காட்டுக் குரங்குங்க வயிறு மாதிரி மாற ஆரம்பிச்சிருக்குண்ணா. உங்க தீனியாலயா, அந்தக் காட்டுக் கூட்டத்தத் தொட்டுப் பழகினதாலயான்னு என்னால பிரிச்சி சொல்ல முடியல."

"எதா இருந்தா இன்னாம்மா, பொழச்சிக்கிச்சே."

புரட்டாசியில் வேறொரு தெருவிலிருந்து ஆள் வந்தது. இருபது குரங்கு, சீக்கிரம் பிடிக்க வேண்டுமாம்.

"சீக்கிரம்லாம் ஆவாதுங்க," என்றான் தருமன். "மொதல்ல சோறு கொட்றத நிறுத்துங்க, குப்பத்தொட்டிய மூடுங்க. பாதி அதுவே இந்த மலைக்கு ஏறிடும். மீதிய நான் புடிக்கிறேன். ஆனா ஒரு மாசம் எங்க ஊட்ல வெச்சி எல தின்ன பழக்கித்தான் வுடுவேன். அதுக்கு அனுமதி வாங்கிக்கினு வாங்க."

வந்தவர் அவனை விநோதமாகப் பார்த்துவிட்டு, கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். மறுநாள் மாலை தருமன் அந்தத் தெருப் பக்கம் போனபோது, முதல் குப்பைத்தொட்டிக்கு மூடி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.