நாற்பது வரியும் ஏழு பெட்டியும்

எடை இயந்திரத் தொழிற்சாலையின் மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பிரகடனம். டீ குடிக்கப் போவதைக்கூட நாட்டு மக்களுக்கு அறிவிப்பதுபோல்தான் அறிவிப்பார். அன்று காலை அறிவிப்பு எறும்புக்கு.

"மூணு மணிக்கு வாங்குறவங்க வர்றாங்க. அதுக்குள்ள உன் புரோகிராம் சிப்புக்குள்ள அடங்கலைன்னா வேலையை வெளியில குடுத்துடுவேன். நீ பழையபடி சோதனை மேசைக்குப் போயிடலாம்."

சத்தமில்லாமல் வேலை பார்ப்பதால் அவள் எறும்பு. அது அவள் எழுதிய முதல் புரோகிராம். எடையை வாசித்துத் திரையில் காட்டும் நாற்பது வரி. சிப்பில் இருப்பது அறுபத்து நாலு கேபி இடம். சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்ற, கம்பைல் செய்து வந்த கோப்போ எழுநூறு கேபி, மலை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"நகரும்மா" என்றார் பிரகடனம்.

அவர் இப்படிச் சொன்னால் எழுந்திருக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைப்பது அந்த அலுவலகத்தின் எழுதாத விதி. அவளும் எடுத்து வைத்தாள்.

அவர் உட்கார்ந்து, அவள் எழுதியிருந்த விளக்கக் குறிப்புகளையெல்லாம் அழித்தார். காலி வரிகளை ஒழித்தார். கம்பைல் செய்தார். எழுநூறு, அப்படியே நின்றது.

"கம்ப்யூட்டர் பழசு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து மேசை சால்டரிங் அண்ணன் எட்டிப் பார்த்தார். "நாற்பது வரிக்கு எதுக்கும்மா இவ்வளவு ஊளைச்சதை?"

"எங்க அத்தை ரெண்டு நாள் தங்க வந்தா ஏழு பெட்டி வரும்ணே. குடை, தையல் மெஷின், மழை பெஞ்சா ஒரு செருப்பு, பெய்யலைன்னா இன்னொண்ணு. நான் 'இந்த எண்ணைத் திரையில காட்டு'ன்னு ஒரு வரிதான் எழுதினேன். அதுக்குன்னு கூப்பிட்ட நூலகம், அதான் யாரோ எழுதி வச்ச ரெடிமேட் புரோகிராம் மூட்டை, தேதி, நாணயம், பல மொழி, கோப்பு எல்லாத்தையும் கட்டித் தூக்கிட்டு வந்துடுச்சு. பிழை தேட ஒரு பெயர்ப் பட்டியல் வேற."

"அத்தையையே கூப்பிடாம இருந்தா?"

எறும்பு சிரித்தாள். அதைத்தான் செய்தாள். தன் நகலில் நூலகத்தை விட்டுவிட்டு, இலக்கங்களை ஒவ்வொன்றாகத் திரைக்கு அனுப்பும் பன்னிரண்டு வரியைத் தானே எழுதினாள். பெயர்ப் பட்டியலையும் நீக்கும்படி கம்பைலருக்குக் கட்டளை கொடுத்தாள். இரண்டரை மணிக்குக் கோப்பு ஒன்பது கேபி. சிப்புக்குள் ஏற்றினாள், அண்ணன் தன் மதியச் சாப்பாட்டு டப்பாவை எடைத் தட்டில் வைத்தார். திரை எடையைச் சரியாகக் காட்டியது.

மூன்று மணிக்கு, வாங்குபவர்களின் பொறியாளர் அம்மாள் வந்தார். எறும்பின் கோப்பு ஒன்பது கேபி என்று கேள்விப்பட்டிருந்த பிரகடனம், தான் களையெடுத்த பிரதியைப் பெரிய திரையில் காட்டினார்.

"கோப்பு ஒன்பதுதான். தேவையில்லாததை எல்லாம் நானே கைப்பட நீக்கினேன்."

"விளக்கக் குறிப்பு எங்க சார்? ஒவ்வொரு பகுதிக்கும் வேணும்னு ஒப்பந்தத்துல இருக்கே. இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது."

பிரகடனம் மின்விசிறியைப் பார்த்தார்.

எறும்பு தன் நகலைத் திறந்து, அம்மாள் கண்ணெதிரே கம்பைல் செய்தாள்.

"குறிப்போடவே ஒன்பதா?"

"குறிப்பை கம்பைலர் கண்டுக்காது மேடம். அது நமக்காக எழுதறது."

அம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த மாடலையும் இந்தப் பொண்ணே எழுதட்டும்" என்றார்.

பிரகடனம் தொண்டையைச் செருமினார். "நகல் எடுத்து வைக்கிற பழக்கம் இந்த அலுவலகத்துல வந்ததே என்னாலதான்."

எல்லாரும் மனதார ஆமோதித்தார்கள். அவர் அன்று சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை.