கணக்கில் விடுபட்ட எடை

மனைவி இறந்த மறுவாரமே தலைமையாசிரியர் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. கண்ணுக்குத் தெரியாது, துணியும் நனையாது. ஆனால் கதவுகள் மெதுவாகவே சாத்திக்கொண்டன, கை தவறிய தட்டு ஆடி ஆடித் தரை சேர்ந்தது. தலைகுனிந்து பழக்கமில்லாத குடும்பம் அவர்களுடையது. ஆகவே கேட்டவர்களிடமெல்லாம், கதவுக் கீல் துருப்பிடித்திருக்கிறது என்று அவருடைய தம்பி சொல்லிச் சமாளித்தார்.

மூன்றாம் வருடம் தண்ணீர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கழுத்துக்கு வந்தது. மேசையில் வைத்த மூக்குக்கண்ணாடி மோவாயருகே மிதந்தது. இன்னும் ஒரு சாண் ஏறினால் மூச்சுக்கு இடமில்லை என்று கேள்விப்பட்டு மகள் விடுப்பெடுத்து வந்தாள். எண்ணெய்த் தொட்டியும் அணைச்சுவரும் திரவத்தைத் தாங்கி நிற்கையில் எப்படி அதிரும் என்று கணினியில் மாதிரி செய்து பார்ப்பது அவள் வேலை. காலிக் குடம் கணீரென்னும், நிறைந்த குடம் அடங்கி ஒலிக்கும். அதிரும் சுவர் தன்னை ஒட்டிய தண்ணீரையும் சேர்த்தல்லவா அசைக்க வேண்டும். அவள் சுத்தியலால் சுவர்களைத் தட்டித் தட்டிக் கணக்குப் போட்டாள். எப்படிப் போட்டாலும் வீட்டின் ஒலி மாதிரியைவிடத் தாழ்ந்தே இருந்தது. செங்கலைச் சந்தேகித்தாள், பூச்சைச் சந்தேகித்தாள்.

"என்னைச் சேர்த்துக்கிட்டியா?" என்றார் அப்பா.

"இவ்வளவு பெரிய வீட்டுக்கு ஒரு ஆள் இருக்கிறதும் இல்லாததும் ஒண்ணுதாம்பா. எல்லாரும் விட்டுடுற எடைதான்."

"அதைத்தான் நானும் மூணு வருஷமா பாக்கறேன்."

அவரை நாற்காலியோடு மாதிரிக்குள் வைத்தாள். கணக்கு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. கூட வந்துவிடும்படி கெஞ்சியதற்கு, வீட்டை விட்டு ஓடும் வம்சமில்லை நம்முடையது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். தம்பிக்கு அதில் பரம திருப்தி. மகள் தனியாகத் திரும்பினாள். வாடகை அறையின் கதவைச் சாத்தினாள். அது மெதுவாகச் சாத்திக்கொண்டது. எண்ணெய் விட வேண்டும் என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்த கதவு. சுவரைத் தட்டினாள். அடங்கி ஒலித்தது.

அடுத்த மாதமே அறையைக் காலி செய்து, கணினியோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு தண்ணீரும் சேர்ந்து கூரையைத் தொடும் என்று பயந்து சித்தப்பா ஏணியோடு நின்றார். அன்று மாலைக்குள் அது கணுக்காலுக்கு இறங்கியது. அதற்கான சமன்பாட்டைச் சில நாள் தேடிவிட்டு அவள் எண்ணெய்த் தொட்டிகளுக்குத் திரும்பினாள். கணுக்காலுக்குக் கீழே அது இறங்கவேயில்லை. அம்மாவின் பங்கு அது என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

இப்போது விருந்தாளி வந்தால் சித்தப்பாவே வாசலில் நின்று சொல்லிவிடுகிறார்: "மெதுவா வாங்க, உள்ள தண்ணி இருக்கு."