செருப்புக்கான இரண்டரை சென்டிமீட்டர்

1

இந்தக் கதை நானாக யோசித்துப் பிடித்ததல்ல. அலுவலக நாற்காலிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையைப் பற்றிக் கட்டுரை எழுதப் போயிருந்தேன். இரண்டு நாள் சுற்றியதில் குறிப்பேடு நிறைய எண்கள் சேர்ந்தன: முதுகுச் சாய்மானம் எவ்வளவு சாயும், சக்கரம் எத்தனை ஆயிரம் முறை உருண்டால் தேயும். கிளம்பும்போது எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே போனார்கள். "செருப்பக் கழட்டிட்டு உக்காருவாங்களான்னு யாருமே யோசிக்கல" என்றாள் ஒருத்தி. மற்றவளின் பதில் கேட்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. கட்டுரை அச்சாகிவிட்டது. அதில் எண்கள் இருந்தன, அந்த வாக்கியம் இல்லை. இனி வருபவை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கட்டிய வீடு.

முதலில் எழுதிய தொடக்கம்: "மனிதன் நிமிர்ந்து நின்றது பெரிய காரியம் என்றால், அவன் உட்காரக் கற்றுக்கொண்டது அதைவிட—"

அடித்துவிட்டேன். நாற்காலியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் தத்துவம் வந்துவிடுகிறது.

இரண்டாவது: "மேசைக்கு அடியில் குனிந்தவள் நிமிரவே இல்லை." இது பரவாயில்லை. ஆனால் எந்த மேசை, அவள் யார், ஏன் குனிந்தாள் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் குனியவைக்க வேண்டும்.

2

அவள் நாற்காலி வடிவமைப்பவள். பதினோரு வருடங்களாக அடுத்தவர்களுடைய நாற்காலிக்குக் கைப்பிடி வரைந்தாள், விசைப்பலகைத் தட்டு வரைந்தாள், திரையைத் தூக்கிப் பிடிக்கும் தாங்கிகள் வரைந்தாள். தலை முதல் சக்கரம் வரை அவளே வரைந்த முதல் நாற்காலி இது. ஏழு இடங்களில் ஏற்றலாம், இறக்கலாம், நகர்த்தலாம். வரைபடத்தின் மூலையில் இருக்கும் கட்டங்களில் 'வரைந்தவர்' என்பதில் அவள் நூறு முறை கையெழுத்திட்டிருப்பாள். பக்கத்துக் கட்டமான 'இறுதி ஒப்புதல்' இம்முறைதான் அவளுடையதாகியிருந்தது. அதில் அவள் கையெழுத்து விழுந்தால், பாகங்களை வார்க்கும் அச்சுகளைச் செய்பவர்கள் இரும்பை வெட்டத் தொடங்குவார்கள். வெட்டிய இரும்பு வெட்டியதுதான்.

(இங்கே ஒரு கணவர் இருந்தார். காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் பேசினார். கதையை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை என்பதால் வெட்டிவிட்டேன். ஒரு வசனத்தை மட்டும் விட மனசில்லை: "ஊருக்கெல்லாம் நாற்காலி செய்யற. நம்ம வீட்டு ஸ்டூல்ல உக்காந்தா தாலாட்டு பாடுது. அதுக்கு எப்ப ஒப்புதல் தருவ?")

இருக்கையின் உயரத்தை முடிவுசெய்ய அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முழங்காலுக்குப் பின்பக்கத்திலிருந்து பாதம் வரைக்குமான அளவுகள் அட்டவணையாக இருக்கும். அதில் மிகச் சிறிய அளவை எடுத்து, செருப்புக்கு இரண்டரை சென்டிமீட்டர் கூட்டுவார்கள். அதுதான் இருக்கை இறங்கக்கூடிய கடைசி உயரம். அவளும் கூட்டினாள். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் கூட்டியிருக்கிறார்கள்.

பிறகு சோதனை. அலுவலகத்திலேயே குட்டையான ஒருவர், நெட்டையான ஒருவர். இரண்டு பேருக்கும் பொருந்தினால் நடுவில் இருக்கும் எல்லோருக்கும் பொருந்தும். நெட்டையானவர் வேன் ஓட்டுபவர். அவருக்கு 'பெரிய அளவு' என்று பெயர் விழுந்தது. சரக்கு அனுப்பும் பிரிவில் பதிவு பார்க்கும் பெண் 'சின்ன அளவு'. சோதனை அறையில் பிறந்த பெயர்கள் சாப்பாட்டு அறை வரைக்கும் நடந்து போய்விட்டன. "என்ன சின்ன அளவு, சாப்டாச்சா?" என்று கேட்பார்கள். அவள் சிரிப்பாள். சிரித்ததை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

கடைசிச் சோதனை நாளில் அந்த அறையில் கம்பெனியின் புகைப்படக்காரரும் இருந்தார்.

"ஏணி கொண்டாரவா, சின்ன அளவு?" என்றார் வேன்காரர்.

"உங்களத் தூக்கி உக்கார வைக்கத்தான் கிரேன் வரணும். ஓரமா நில்லுங்கண்ணே."

அறை சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். வடிவமைப்பாளர் முதுகுப் பக்கம் நின்று, இடுப்பை நாற்காலி எங்கே தாங்குகிறது என்று பார்த்துக்கொண்டே கேட்டாள்: "பாதம் தரையில படுதாம்மா?"

"நல்லாப் படுது மேடம்."

தாளில் 'வசதி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள் சின்ன அளவு. கேள்வி கேட்டவள் பாதத்தைக் குனிந்து பார்க்கவில்லை.

3

இப்போது குனியலாம்.

வெள்ளோட்டமாக, அச்சு இல்லாமல் கையால் செய்த நாற்பது நாற்காலிகளை ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். நாள் முழுக்கத் தொலைபேசியில் புகார் கேட்பவர்களின் அலுவலகம். மூன்று வாரம் கழித்து அவள் பார்க்கப் போனாள். கையில் கேள்வித்தாள். எல்லோரும் 'நல்லா இருக்கு' கட்டத்தில் டிக் போட்டிருந்தார்கள். நாள் முழுக்கப் புகார் கேட்பவர்களுக்குச் சொந்தமாக ஒரு புகார் சொல்லத் தெம்பு இருக்குமா?

அவளுடைய பேனா உருண்டு ஒரு மேசைக்கு அடியில் போனது.

(பேனா உருளவில்லை. கதாசிரியர்கள் உருட்டிவிடுவது அது. அவள் சக்கரத்தில் முடி சிக்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் குனிந்தாள். அது அவள் வேலை.)

மேசை வரிசைக்கு அடியில் வேறொரு அலுவலகம் நடந்துகொண்டிருந்தது. செருப்புகள் எல்லாம் கழற்றிப் போடப்பட்டுக் கிடந்தன. வெறுங்கால்கள். ஒரு சோடி பாதம் நாற்காலியின் ஐந்து கால்களில் இரண்டைப் பிடித்துத் தொங்கியது. ஒன்று காகிதக் கட்டின் மேல். ஒன்று கவிழ்த்த குப்பைக்கூடையின் மேல். ஒருத்திக்கு ஒரு கால் மடிந்து இருக்கைக்கே ஏறிவிட்டது. பதினேழு பேருக்குப் பாதம் தரையில் இல்லை. அந்தப் பதினேழு நாற்காலியும் கடைசி உயரம் வரை இறக்கப்பட்டிருந்தது.

குப்பைக்கூடைக்காரி காதிலிருந்து ஹெட்ஃபோனை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். "என்னங்க தேடறீங்க?"

"காலுக்குக் கூடை எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"ஐயோ, அது சும்மா. நாற்காலிக்கு ஒரு குறையும் இல்லங்க. எங்கம்மா காலைச் சின்னதாக் குடுத்துட்டாங்க, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"செருப்பப் போட்டுக்கிட்டா எட்டுமா?"

"எட்டுமோ என்னமோ. எட்டு மணி நேரம் யாரு செருப்பு மாட்டிக்கிட்டு உக்காருவா? நீங்க உக்காருவீங்களா?"

அவள் மாட்டிக்கொண்டு உட்கார்வதில்லை. தன் மேசைக்கு அடியில் தன் செருப்பு எந்தக் கோணத்தில் கிடக்கிறது என்பதைக்கூட அவளால் வரைந்து காட்ட முடியும்.

4

திரும்பியதும் சோதனைக் கோப்பை எடுத்தாள். புகைப்படத்தில் சின்ன அளவு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பாதம் தரையில் பதிந்திருந்தது. பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் உயரக் குதிகால் வைத்த செருப்பு. பெயரே சின்ன அளவு என்று ஆனபிறகு, படம் எடுக்கிற நாளில் அந்தப் பெண் வேறு எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு வருவாள்? பெயர் வைத்தவர்கள் நாம்தான் என்று வடிவமைப்பாளருக்குத் தோன்றியது.

பிரிவுத் தலைவர் மோசமான மனிதர் அல்ல. (முதல் பிரதியில் அவரை மோசமாக்கியிருந்தேன். கதை சுலபமாக நகர்ந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து மாற்றினேன்.)

"நாலு மணிக்கு டிராயிங் போகணும். இப்ப வந்து என்னம்மா சொல்ற?"

"மூணு சென்டிமீட்டராவது இன்னும் இறங்கணும் சார். இருக்கைக்கு அடியில இருக்கற விசைப் பெட்டியத் தட்டையாக்கணும். அப்பறம் நாற்காலிக் கால்களோட அச்சும் மாறும்."

"மாறினா இந்த வருஷம் நாற்காலி வராது. அடுத்த வருஷம் மேல்மாடி ஆளுங்க இதைக் கையில எடுத்துக்குவாங்க. உன் பேரு இருக்காது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"கால் வைக்க ஒரு பலகை பண்ணித் தனியாக் குடுத்துடலாம்."

"நாற்காலியோட குறைக்குப் பலகை வேற விக்கணுமா?"

"குறைன்னு ஏன் சொல்ற? துணைப்பொருள்னு சொல்லு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சோதனைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "இதுல 'வசதி'ன்னு இருக்கு. நீ மேசைக்கு அடியில பாத்தத வெச்சு நான் மேல போய் அச்ச நிறுத்த முடியாது. அந்தப் பொண்ணு திரும்ப உக்காந்து, எட்டலன்னு தன் கையால எழுதட்டும். நிறுத்திடறேன். வசதின்னே சொன்னா, நீ கையெழுத்துப் போடு. சரியா?"

சரி என்றாள். வெளியே வந்தபோது மணி மூன்று இருபது.

5

நான் இங்கே நான்கு நாட்கள் நின்றுவிட்டேன். மூன்று முடிவுகள் கையில் இருந்தன.

அ. அவள் கையெழுத்திடுகிறாள். நாற்காலி பேர் வாங்குகிறது. ஆண்டுகள் கழித்து ஏதோ ஓர் அலுவலகத்தில், கவிழ்த்த குப்பைக்கூடை ஒன்றை— (சோகம் கைக்கு வந்தபடி வருகிறது. வேண்டாம்.)

ஆ. அவள் வரைபடத்தைக் கிழித்து எறிகிறாள். (யாரும் கிழிப்பதில்லை. அது கணினியில் இருக்கிறது.)

இ. வாசகர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதில்தான் ஏறக்குறைய இறங்கிவிட்டேன். பிறகு தொழிற்சாலைக் குறிப்பேட்டைப் புரட்டினேன். அங்கே ஒரு வடிவமைப்பாளர் என்னிடம் சொன்னது இருந்தது: "முடிவெடுக்கத் தெரியலன்னா நாங்க ஒரு லீவர் வெச்சிடுவோம். சரிபண்ணிக்க வேண்டியது உக்கார்றவங்க பொறுப்புன்னு ஆயிடும். பாதிப் பேரு அந்த லீவரத் தொடவே மாட்டாங்க." வாசகர் கையில் முடிவைக் கொடுப்பது தாராளம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அது லீவர். அதே குறிப்பில் அடுத்த வரி: லீவர் வைத்தாலும், அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுக்கும்போது நாற்காலி எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த நிலைக்கு வடிவமைத்தவர்தான் பொறுப்பு.

ஆகவே கதை பெட்டியிலிருந்து வரும் நிலையை நான் எழுதிவிடுகிறேன்.

6

சோதனை அறையில் மூன்று பேர்தான்: வடிவமைப்பாளர், சின்ன அளவு, கூப்பிடாமலே வந்து கதவோரம் நின்ற வேன்காரர்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நான் என்ன பண்ணேன்? பேசக்கூட இல்லையே."

"அதான். பேசறதுக்கு முன்னாடி போயிடுங்க."

அவர் போனதும் வடிவமைப்பாளர் கதவைச் சாத்தினாள். கையில் இருந்த தாளின் தலைப்பில் 'சின்ன அளவு' என்று அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு, "உங்க பேர எழுதிக்குங்க" என்று நீட்டினாள். அந்தப் பெண் ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முழுப் பெயரை, அப்பாவின் பெயரோடு சேர்த்து, நிதானமாக எழுதினாள்.

"இப்ப செருப்பக் கழட்டிட்டு உக்காருங்க."

"செருப்பையா மேடம்?"

"உங்க மேசையில எப்படி உக்காருவீங்களோ அப்படி."

செருப்பைக் கழற்றியதும் அந்தப் பெண் உண்மையில் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆனாள். உட்கார்ந்தாள். லீவரைக் கடைசி வரை அழுத்தி இறக்கினாள். வடிவமைப்பாளர் இம்முறை முதுகுப் பக்கம் போகவில்லை. எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். குதிகாலுக்கும் தரைக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, தொட வேண்டுமே என்பதற்காக.

வடிவமைப்பாளருக்கு இரண்டு ஆசை இருந்ததை மறைப்பதற்கில்லை. எட்டலைன்னு சொல்லிடு என்பது ஒன்று. வசதின்னே எழுதிடு, பதினோரு வருஷம் என்பது இன்னொன்று. இரண்டாவது ஆசைக்குக் குரல் பெரிது.

"சும்மா சொல்லுங்க," என்றாள், தன் முகத்தில் எந்தப் பதிலும் தெரிந்துவிடாதபடி தரையைப் பார்த்துக்கொண்டு. "எப்படி இருக்கு?"

"நான் எட்டலன்னு எழுதினா உங்க நாற்காலி நின்னுடும்னு வெளிய பேசிக்கறாங்க மேடம்."

"நின்னுடும்."

"அப்ப வசதின்னு எழுதிடவா?"

வடிவமைப்பாளர் நிமிர்ந்தாள். இந்தப் பெண் நல்ல மனதோடுதான் கேட்டாள். இந்த அறையில் இதுவரை சொல்லப்பட்ட எல்லாப் பொய்யும் நல்ல மனதோடுதான் சொல்லப்பட்டது.

"என்னப் பாக்காதீங்க," என்றாள். "உங்க காலப் பாருங்க. பாத்துட்டு எழுதுங்க."

அந்தப் பெண் குனிந்து தன் காலைப் பார்த்தாள். கட்டைவிரலைத் தரையிலிருந்து எடுத்துவிட்டாள். இரண்டு பாதமும் தொங்கின, லேசாக ஆடின. கொஞ்ச நேரம் அப்படியே ஆடவிட்டாள். பிறகு தாளை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

அவள் எழுதியது எனக்குத் தெரியும். சொன்னால், 'கதை நல்லா இருக்கு' என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அதனால் சொல்லப்போவதில்லை; பெட்டியிலிருந்து வந்த நிலை இதுதான்: பாதம் இரண்டும் தொங்குகின்றன. தாளில் அவள் பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. என் முகத்தைப் பார்க்காமல், அவள் காலைப் பார்த்து எழுதுங்கள்.