எறங்கல

தங்கசாமி முப்பது வருடமாக ஊரார் நிலத்தில் துளை போட்டவர். திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். பத்தடிக்கு ஒருமுறை மேலே வரும் மண்தூளை விரலில் தேய்த்துப் பார்த்தே கீழே என்ன பாறை என்று சொல்லிவிடுவார். தன் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் அந்த மேதாவிக்குத் தெரியவில்லை.

இப்போது சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தார். தொண்டையில் மருந்து அடித்து, கையில் ஊசி போட்டு, கேமரா வைத்த குழாயை வாய்வழியாக உள்ளே விட்டார்கள். உணவுக்குழாயில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வெளியே மனைவி ஜோதி அவருடைய செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள்.

கண் செருகியது. தங்கசாமி தனக்குள்ளேயே இறங்கத் தொடங்கினார். என்ன சுகமாக இருந்தது! சுற்றிலும் இளஞ்சிவப்புச் சுவர், ஈரமாக, வழவழவென்று. மேலே வாய் பொட்டளவு வெளிச்சமாகத் தெரிந்தது. செம்மண் போனது, சுக்காம்பாறை போனது. எங்கோ தண்ணீர் ஓடும் ஓசை. அதற்குள்ளிருந்து ஜோதியின் குரல் வந்தது. சத்தீஸ்கரில் வேலை செய்தபோது மத்தியானந்தோறும் போனில் கேட்ட அதே குரல்.

"சாப்டாச்சுங்களா?"

"எறங்கவே மாட்டீங்குது புள்ள."

"இன்னும் ரெண்டு கேசிங் பைப்பு சேத்திப் போடச் சொல்லுங்க. அதுக்காவ சோறு திங்காம இருப்பாங்களா?"

அன்றைக்கு அவர் சிரித்துவிட்டார். துளையில் மண் சரிந்து பைப்பு இறங்கவில்லை என்று எடுத்துக்கொண்டாள்; ரிக்காரன் பொண்டாட்டி வேறெப்படி நினைப்பாள்! இறங்காதது சோறுதான் என்று திருத்தியிருக்கலாம். பயம். சொன்னால் அது உண்மையாகிவிடுமோ என்ற பயம். சோறு கஞ்சியானது, கஞ்சி மோரானது, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை.

குழாய் நின்றது. எதிரே சொரசொரவென்று ஒரு பாறை, பாதி வழியை அடைத்துக்கொண்டு. யாரோ அதில் ஒரு சிட்டிகை கிள்ளினார்கள். எனக்குக் குடுங்க, நான் பாத்துச் சொல்றேன் என்று கை நீட்டப் பார்த்தார். கை எழவில்லை.

பத்து நாள் கழித்து டாக்டர் தமிழ்ச்செல்வி இருவரையும் எதிரே உட்காரவைத்தார்.

"புற்றுநோய்தாங்க. உணவுக்குழாயும் இரைப்பையும் சேர்ற எடத்துல இருக்குது. ஸ்கேன்ல வேற எங்கயும் பரவுன மாதிரித் தெரியல. மொதல்ல மருந்து ஏத்துவோம், அப்பறம் ஆபரேஷன். முழுசா எடுக்கறதுதான் நோக்கம். எத்தன நாளா அடைக்குது?"

"ஒரு மாசமாத்தாங்க," ஜோதி முந்திக்கொண்டாள். "ஊட்டுக்கு வந்ததுக்கு அப்பறந்தான்."

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். தங்கசாமியால் முடியவில்லை.

"அஞ்சு மாசமுங்க," என்றார். பிறகு மனைவியைப் பார்க்காமல், "போன்ல எறங்கலைன்னு சொன்னது பைப்பு இல்ல, ஜோதி. சோறு."

ஜோதி அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து கஞ்சியை மூடியில் ஊற்றினாள். அவர் ஒரு வாய் குடித்தார். அவள் அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசத்தச் சொல்லுங்க. எறங்குச்சுங்களா?"

"இன்னும் இல்ல புள்ள. கொஞ்சம் பொறு."

மூடியைக் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.